ஊர்க்குருவி பறக்கட்டும், வீட்டுப் பத்திரம் பெட்டியிலேயே இருக்கட்டும்

உயர உயரப் பறந்தாலும் ஊர்க்குருவி பருந்தாகாது என்பார்கள். அது பறவைகளைப் பற்றிய பேச்சு அல்ல. யார் சொல்கிறார்கள், யாரைப் பார்த்துச் சொல்கிறார்கள் என்று கவனித்தால் பொருள் விளங்கிவிடும். காலனியில் இருந்து படித்து வரும் பிள்ளை ஒன்று, 'நான் பைலட் ஆகப் போகிறேன்' என்று சொன்னால், முதலில் கிடைக்கும் பதில் இந்தப் பழமொழியாகவோ இதன் சாயலிலோதான் இருக்கும். ஊர்த்தெருவில் மட்டுமல்ல, சில நேரம் நம் வீட்டுத் திண்ணையிலிருந்தும் அது வரும்.

இன்னொரு பதிலும் இருக்கிறது. அது விளம்பரமாக வரும். வெள்ளைச் சட்டை, தோளில் தங்க நிறக் கோடுகள், 'ஒன்றரை ஆண்டில் விமானி, வேலை உறுதி, கடன் வசதி உண்டு' என்ற வாசகம். முதல் பதில் பிள்ளையின் ஆசையைக் கொல்கிறது. இரண்டாவது பதில் குடும்பத்தின் முதுகெலும்பை முறித்துவிடலாம்.

தாராபுரம், மூலனூர், குண்டடம், அலங்கியம் பகுதிகளில் படிக்கும் நம் பிள்ளைகள் இந்த இரண்டு பதில்களையும் ஒதுக்கிவிட்டு, தாங்களே கணக்குப் போட்டு முடிவெடுக்க வேண்டும். விமானி ஆகலாமா என்பது சாதியைக் கேட்டு முடிவு செய்ய வேண்டிய கேள்வி அல்ல. கண், கணக்குப் பாடம், பணம், வேலை ஆகிய நான்கையும் கேட்டு, அதுவும் அந்த வரிசையிலேயே கேட்டு, முடிவு செய்ய வேண்டியது.

முதலில் கண், அடுத்து கணக்கு

பலர் தலைகீழாகச் செய்கிறார்கள். முதலில் முன்பணம் கட்டுகிறார்கள். மருத்துவப் பரிசோதனைக்குப் பிறகு போகிறார்கள். இதை மாற்றுங்கள். பயணிகள் விமானம் ஓட்ட, விமானப் போக்குவரத்துத் தலைமை இயக்குநரகம், அதாவது டி.ஜி.சி.ஏ., ஏற்கும் மருத்துவச் சான்று வேண்டும். முதலில் இரண்டாம் வகுப்புச் சான்று, பிறகு முதல் வகுப்புச் சான்று. இவற்றுக்குச் சில ஆயிரம் ரூபாய்தான் ஆகும். கண்ணாடி போட்டிருப்பது தடை அல்ல. கண்ணாடியோடு பார்வை சரியாக இருந்தால் போதும். ஆனால் சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு இருந்தால் அந்த வழி பெரும்பாலும் அடைபட்டுவிடும். வண்ணப் புள்ளிகளுக்குள் ஒளிந்திருக்கும் எண்ணைப் படிக்கச் சொல்லும் சோதனையைக் கண் மருத்துவர் ஐந்து நிமிடத்தில் செய்துவிடுவார். ஐம்பது இலட்ச ரூபாய் பற்றிய முடிவுக்கு முன்னால் அந்த ஐந்து நிமிடத்தைச் செலவிட வேண்டாமா?

அடுத்தது பாடம். வணிக விமானி உரிமத்துக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் கணிதமும் படித்திருக்க வேண்டும் என்பது நீண்டகால விதி. ஆகவே இந்த முடிவு பிளஸ் டூ முடித்த பிறகு வருவதல்ல. பத்தாம் வகுப்பு முடித்து குரூப் எடுக்கும் நாளிலேயே பாதி முடிவாகிவிடுகிறது. 'உனக்குக் கணக்கு வராது, வேறு குரூப் எடு' என்று நம் பிள்ளைகளிடம் எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். பெற்றோரும் தலையாட்டிவிட்டு வருகிறார்கள். அந்த ஒரு தலையாட்டலில் விமானி, பொறியாளர், விஞ்ஞானி எனப் பல கதவுகள் சேர்ந்து சாத்தப்படுகின்றன. வேறு குரூப் எடுத்துவிட்டவர்கள் தேசியத் திறந்தநிலைப் பள்ளியில் இயற்பியலும் கணிதமும் மட்டும் எழுதித் தகுதி பெறலாம். அதற்கு ஓராண்டு கூடுதலாகும்.

உரிமம் பெற 18 வயது நிறைய வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். வானிலை, விமானப் போக்குவரத்து விதிகள், வழிகணித்தல், விமானத் தொழில்நுட்பம் ஆகியவற்றில் எழுத்துத் தேர்வுகள் உண்டு. வானொலித் தொடர்புக்குத் தனித் தேர்வு உண்டு. எல்லாம் ஆங்கிலத்தில். தமிழ்வழியில் படித்த பிள்ளைகள் இதைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. விமானிக்கு வேண்டியது கான்வென்ட் உச்சரிப்பு அல்ல. கட்டுப்பாட்டுக் கோபுரம் சொல்வதைச் சரியாகப் புரிந்துகொண்டு, தவறில்லாமல் திருப்பிச் சொல்லும் திறமை. அது பயிற்சியால் வருவது.

சாதி ஒளிந்திருக்கும் இடம்

இப்போது பணம். உள்நாட்டில் உரிமம் பெற 45 இலட்சம் முதல் 60 இலட்சம் ரூபாய் வரை, சில இடங்களில் அதற்கு மேலும் ஆகிறது. உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் உள்ள மத்திய அரசின் இந்திரா காந்தி ராஷ்ட்ரிய உரான் அகாடமியில்கூடக் கட்டணம் 45 இலட்சத்தைத் தொட்டுவிட்டது. அங்கே பட்டியல் சாதியினருக்கு இட ஒதுக்கீடு உண்டு. இடம் ஒதுக்கிவிட்டு இத்தனை இலட்சம் கட்டு என்றால், அந்த இடத்தில் யார் வந்து உட்கார முடியும்? உரிமம் பெற்ற பிறகு, ஏர்பஸ் 320 அல்லது போயிங் 737 போன்ற குறிப்பிட்ட விமானத்தை ஓட்டத் தனிப் பயிற்சி வேண்டும். அதற்கு மேலும் பல இலட்சம். விமான நிறுவனங்களே நடத்தும் பயிற்சித் திட்டங்களில் மொத்தச் செலவு ஒரு கோடியைத் தொடுகிறது.

வங்கிக் கடன் வாங்கலாமே என்பார்கள். ஏழரை இலட்சத்துக்கு மேல் கல்விக் கடன் கேட்டால் வங்கி பிணையம் கேட்கும். வீடோ நிலமோ காட்ட வேண்டும். இங்கேதான் சாதி ஒளிந்திருக்கிறது. நுழைவுத் தேர்வில் சாதி கேட்பதில்லை. பிணையப் பத்திரத்தில் அது தானாகத் தெரிகிறது. தோட்டமும் கிணறும் உள்ள குடும்பத்துக்கு இந்தக் கடன் ஒரு கையெழுத்து. நம் குடும்பங்களிடம் இருப்பது அரசு கொடுத்த மூன்று சென்ட் மனைப் பட்டாவும் தொகுப்பு வீடும். விற்கத் தடை உள்ள நிலத்தை வங்கி மதிப்பதில்லை. வங்கி மதிக்காதபோது கந்துவட்டிக்காரர் மதிக்க வருவார்.

ஒரு கணக்கைப் பாருங்கள். 50 இலட்சம் ரூபாயை 11 சதவீத வட்டியில் பத்து ஆண்டுகளில் அடைப்பதென்றால் மாதத் தவணை ஏறக்குறைய 69 ஆயிரம் ரூபாய். திருப்பூர் பனியன் கம்பெனி வேனில் விடியற்காலை ஏறிப்போகும் தாய் தகப்பன் இருவரின் சம்பளத்தைச் சேர்த்தாலும் எட்டாத தொகை. உரிமம் வாங்கியதும் வேலை கிடைத்தால் இதைச் சமாளிக்கலாம். கிடைக்காவிட்டால்?

வேலை உடனே கிடைக்கும் என்று யாரும் உறுதி தர முடியாது. 2023ஆம் ஆண்டில் மட்டும் நாட்டில் 1,622 வணிக விமானி உரிமங்கள் வழங்கப்பட்டன. விமானத் தொழில் ஏறும்போது வேகமாக ஏறும்; விழும்போது ஒரே நாளில் விழும். கிங்ஃபிஷர் 2012-லும், ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலிலும், கோ ஃபர்ஸ்ட் 2023 மே மாதத்திலும் பறப்பதை நிறுத்தின. 2020-ல் கொரோனா எல்லோரையும் தரையில் இறக்கியது. ஒவ்வொரு முறையும் அனுபவமுள்ள விமானிகள் நூற்றுக்கணக்கில் வேலை தேடினார்கள். 200 மணி நேர அனுபவம் மட்டுமே உள்ள புதியவர் அந்த வரிசையின் கடைசியில் நிற்க வேண்டியிருக்கும்.

ஒடிசாவின் மல்கான்கிரி மாவட்டத்துப் பழங்குடிப் பெண் அனுப்பிரியா லக்ரா, காவலர் ஒருவரின் மகள். 2012-ல் பொறியியல் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு விமானப் பயிற்சிக்குப் போனார். 2019-ல் துணை விமானி ஆனார். நாடே கொண்டாடியது, கொண்டாட வேண்டிய செய்திதான். ஆனால் அந்தச் செய்திக்குள் இருக்கும் ஏழு ஆண்டுகளையும் நம் பெற்றோர்கள் படிக்க வேண்டும். ஒன்றரை ஆண்டு என்று விளம்பரம் சொல்லும். ஏழு ஆண்டு தாங்குமா என்று குடும்பம் தன்னையே கேட்டுக்கொள்ள வேண்டும்.

காசு கேட்காத கதவுகள்

கடன் வாங்காமல் விமானி ஆக ஒரு வழி உண்டு. அது இந்திய விமானப்படை. பயிற்சி இலவசம்; பயிற்சிக் காலத்திலேயே உதவித்தொகையும் வரும். பிளஸ் டூ படிக்கும்போதே தேசிய பாதுகாப்பு அகாடமியின் என்.டி.ஏ. தேர்வை எழுதலாம். வயது பதினாறரை முதல் பத்தொன்பதரை. பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்களுக்கும் பெண்களுக்கும் விண்ணப்பக் கட்டணம் இல்லை. 2021 நவம்பர் தேர்விலிருந்து பெண்களும் எழுதுகிறார்கள். பட்டப்படிப்புக்குப் பிறகு என்றால் ஏ.எஃப்.கேட் தேர்வு, கல்லூரியில் என்.சி.சி. விமானப் பிரிவில் 'சி' சான்றிதழ் பெற்றவர்களுக்குத் தனி வழி.

இங்கே சாதி இட ஒதுக்கீடு கிடையாது என்பதையும் சொல்லியாக வேண்டும். உடல் தகுதி விதிகளும் கடுமை. பறக்கும் பிரிவுக்கு 162.5 செ.மீ. உயரம் வேண்டும். கிட்டப்பார்வை உள்ளவர்களை என்.டி.ஏ. வழியாக எடுப்பதில்லை. விமானி திறனறித் தேர்வை வாழ்நாளில் ஒரே ஒரு முறைதான் எழுத முடியும். ஆகவே ஆயத்தமில்லாமல் போய் அந்த வாய்ப்பைத் தொலைத்துவிடக் கூடாது. இன்னொன்று: அக்னிவீர் வாயு என்பது விமானி வேலை அல்ல. இரண்டையும் குழப்பிக்கொண்டு விண்ணப்பிப்பவர்கள் இருக்கிறார்கள்.

நம் மாவட்டத்திலேயே, உடுமலைப்பேட்டையைத் தாண்டி அமராவதி நகரில், 1962 முதல் சைனிக் பள்ளி நடக்கிறது. படை அதிகாரிகளை உருவாக்கவே தொடங்கப்பட்ட பள்ளி. பட்டியல் சாதியினருக்கு 15 சதவீதமும் பழங்குடியினருக்கு ஏழரை சதவீதமும் இடம் உண்டு. ஆறாம் வகுப்பு, ஒன்பதாம் வகுப்புகளில் சேர்க்கை. ஆறாம் வகுப்பு நுழைவுத் தேர்வைத் தமிழிலேயே எழுதலாம். பெண் பிள்ளைகளும் எழுதலாம். குடும்ப வருமானத்தைப் பொறுத்துக் கல்வி உதவித்தொகை உண்டு. அமராவதி ஆறு அந்தப் பக்கமிருந்துதான் தாராபுரத்துக்கு வருகிறது. தண்ணீர் வரும் வழியில் நம் பிள்ளைகள் ஏன் திரும்பிப் போகக் கூடாது? பிளஸ் டூ முடித்தவருக்கு இந்தக் கதவு மூடிவிட்டது. ஆனால் ஐந்தாம் வகுப்பு படிக்கும் தம்பிக்கும் தங்கைக்கும் திறந்திருக்கிறது.

விமானம்தான் ஆசை, ஆனால் விமானி ஆக வழி இல்லை என்பவர்களுக்கு இன்னொரு வேலை உண்டு. விமானங்களுக்குத் தரையிலிருந்து வழிகாட்டும் விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாட்டு அலுவலர் வேலை. இயற்பியலும் கணிதமும் சேர்ந்த பி.எஸ்சி. பட்டமோ பொறியியல் பட்டமோ போதும். ஆள் எடுப்பது இந்திய விமான நிலைய ஆணையம். பொதுத்துறை என்பதால் இட ஒதுக்கீடு உண்டு. அந்த அலுவலர் இறங்கச் சொன்னால்தான் எந்த விமானியும் இறங்க முடியும். இதை விமானி வேலைக்குக் கீழான வேலை என்று யாரும் சொல்ல முடியாது.

உரிமம் கிடைத்த பிறகு

படித்து முடித்து வேலையிலும் சேர்ந்துவிட்டால் சாதி விட்டுவிடுமா? 2025 ஜூன் மாதம், இண்டிகோ நிறுவனத்தில் பயிற்சி பெற்று வந்த பட்டியல் சாதி விமானி ஒருவர் காவல்துறையில் புகார் கொடுத்தார். நீ விமானம் ஓட்டத் தகுதியற்றவன், போய்ச் செருப்புத் தை என்ற பொருளில் மேலதிகாரிகள் தன்னை இழிவுபடுத்தினார்கள் என்பது புகார். பெங்களூருவில் பதிவான முதல் தகவல் அறிக்கை குருகிராமுக்கு மாற்றப்பட்டது. குற்றச்சாட்டு ஆதாரமற்றது என்று நிறுவனம் மறுத்தது. உண்மை எது என்பதைச் சட்டம் முடிவு செய்யட்டும். ஆனால் அந்தச் சொற்கள் கொங்கு மண்ணின் அருந்ததியர் பிள்ளைகளுக்குப் புதியவை அல்ல. தலைமுறை தலைமுறையாகக் காதில் விழுந்தவை.

அண்ணல் அம்பேத்கர் 1913-ல் பரோடா அரசின் உதவித்தொகையில், மாதம் பதினொன்றரை பவுண்டு, கொலம்பியா பல்கலைக்கழகம் போனார். படித்துவிட்டு 1917-ல் அதே பரோடாவில் வேலைக்கு வந்தபோது அவருக்குத் தங்க ஓர் அறை கிடைக்கவில்லை. பட்டம் சாதியை அழித்துவிடும் என்ற கற்பனை வேண்டாம் என்பது இதில் ஒரு பாடம். அம்பேத்கரின் படிப்புக்கு அவர் வீட்டை அடகு வைக்கச் சொல்லவில்லை, ஓர் அரசு செலவு செய்தது என்பது இன்னொரு பாடம். இரண்டையும் சேர்த்துத்தான் படிக்க வேண்டும்.

ஏர் இந்தியா அரசிடம் இருந்தவரை விமானி வேலைக்கும் இட ஒதுக்கீட்டு விதி இருந்தது. 2022 ஜனவரி 27 அன்று அது டாட்டா குழுமத்தின் கைக்குப் போனது. அன்றோடு பயணிகள் விமான நிறுவனத்தில் நமக்கிருந்த பெரிய கதவு சத்தமில்லாமல் மூடப்பட்டது. தனியார் நிறுவனங்களில் இட ஒதுக்கீடு இல்லை. ஆள் எடுக்கும்போது சாதி பார்க்கக் கூடாது என்று அவர்களைக் கட்டுப்படுத்தத் தனிச் சட்டமும் இல்லை.

அமெரிக்காவில் மார்லன் கிரீன் என்ற கறுப்பின விமானி, விமானப்படையில் பணியாற்றிய அனுபவத்தோடு 1957-ல் கான்டினென்டல் நிறுவனத்தில் விண்ணப்பித்தார். அவரைவிட அனுபவம் குறைந்த வெள்ளையர்களுக்கு வேலை கிடைத்தது, அவருக்கு இல்லை. அவர் விடவில்லை. கொலராடோ மாநிலத்தில் பாகுபாட்டுக்கு எதிரான சட்டம் ஒன்று இருந்தது. அதைப் பிடித்துக்கொண்டு உச்ச நீதிமன்றம் வரை போனார். 1963-ல் நீதிபதிகள் ஒருமனதாக அவர் பக்கம் தீர்ப்பளித்தனர். 1965-ல் அந்த நிறுவனத்திலேயே விமானி ஆனார். அவர் விடாப்பிடியாக நின்றார் என்பது உண்மை. பிடித்துக்கொள்ள ஒரு சட்டம் இருந்தது என்பதும் உண்மை. நம் பிள்ளைகளிடம் விடாமுயற்சி கேட்கிறவர்கள், அந்தச் சட்டத்தையும் கொடுக்க வேண்டும்.

அரசு செய்ய வேண்டியது

மத்திய அரசின் போஸ்ட் மெட்ரிக் கல்வி உதவித்தொகைத் திட்டத்தில் வணிக விமானி உரிமப் படிப்பும் பட்டியலில் இருக்கிறது. பட்டியல் சாதி மாணவர்களுக்கான உயர்தரக் கல்வி உதவித் திட்டத்திலும் அது உண்டு. ஆனால் அந்தத் திட்டத்தின் விதியில் தனியார் பறக்கும் பயிற்சிக் கழகங்களுக்கு ஆண்டுக்கு 3.72 இலட்சம் ரூபாய் என்று உச்சவரம்பு வைத்தார்கள். இரண்டு ஆண்டுக்கு ஏழரை இலட்சம்கூட வராது. 50 இலட்சம் ஆகும் படிப்புக்கு இது எந்த மூலைக்கு? காகிதத்தில் திட்டம் இருக்கிறது. ஓடுபாதையில் மாணவர் இல்லை.

அண்ணல் அம்பேத்கர் பெயரிலான அயலக உயர்கல்வித் திட்டத்தில், வெளிநாட்டில் மேற்படிப்புப் படிக்கும் ஆதிதிராவிடர், பழங்குடி மாணவருக்கு 36 இலட்சம் ரூபாய் வரை தமிழ்நாடு அரசு கொடுக்கிறது. நல்ல திட்டம். அதே கை விமானி பயிற்சிக்கும் நீளட்டும். ஆண்டுக்கு 25 பேர், ஒருவருக்கு 60 இலட்சம் என்று வைத்தாலும் 15 கோடி ரூபாய்தான். ஒரு மாநில அரசுக்கு இது பெரிய தொகையே அல்ல. கேரள அரசு திருவனந்தபுரத்தின் ராஜீவ் காந்தி விமானப் பயிற்சி அகாடமியில் பட்டியல் சாதி, பழங்குடி மாணவர்கள் விமானி பயிற்சி பெற நிதி கொடுக்கிறது. பக்கத்து வீட்டில் நடப்பது நம் வீட்டில் ஏன் முடியாது? தாட்கோ நம் இளைஞர்களுக்கு விமானப் பணிப்பெண், விமான நிலையச் சேவைப் பயிற்சிகளைக் கொடுத்தது. வரவேற்கிறோம். ஆனால் விமானத்தில் நம் பிள்ளைகளின் இடம் தட்டு நீட்டும் இடத்தோடு முடிந்துவிடக் கூடாது. முன்னால் இருக்கும் அறைக்கும் அவர்கள் போக வேண்டும்.

தாராபுரம் தனித்தொகுதி. 2021-ல் இங்கே வென்றவர் ஆதிதிராவிடர் நலத்துறை அமைச்சராகவே இருந்தார். இந்தத் தொகுதியில் வாக்குக் கேட்டு வருகிறவர் எந்தக் கட்சியானாலும், அவரிடம் கேட்க வேண்டிய கேள்விகளில் இதையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஆதிதிராவிடர் நல விடுதிகளில் பத்தாம் வகுப்பிலேயே கண் பரிசோதனையும் குரூப் தேர்வுக்கான வழிகாட்டலும் நடத்த வேண்டும். என்.டி.ஏ., சைனிக் பள்ளித் தேர்வுகளுக்கு இலவசப் பயிற்சி வேண்டும். விமான நிறுவனங்களில் எத்தனை பட்டியல் சாதி, பழங்குடி விமானிகள் இருக்கிறார்கள் என்ற கணக்கை வெளியிட வேண்டும். தனியார் துறையிலும் இட ஒதுக்கீடு வேண்டும்.

இதெல்லாம் நடக்கும்வரை என்ன செய்வது என்று கேட்கும் மாணவருக்கு: இந்த வாரமே நிறப்பார்வைச் சோதனை செய்துகொள். இயற்பியலையும் கணிதத்தையும் விடாதே. தினமும் ஒரு மணி நேரம் ஆங்கிலம் பேசிப் பழகு. முதலில் விமானப்படையின் கதவைத் தட்டு. அது திறக்காவிட்டால் ஒரு பட்டம் வாங்கிக்கொள். உரிமத்துக்கு 18 வயதுதான் தொடக்கம், அதற்குப் பிறகும் வாசல் திறந்தே இருக்கிறது. உதவித்தொகை, தாட்கோ வழியாக வரும் தேசிய பட்டியல் சாதியினர் நிதிக் கழகத்தின் கல்விக் கடன் ஆகியவற்றை மாவட்ட அலுவலகத்தில் எழுத்துமூலமாகக் கேட்டுப் பதில் வாங்கு. முழுச் செலவுக்கும் வழி தெரியாமல் முதல் தவணையைக் கட்டாதே. பாதியில் நின்ற பறப்புக்கு உரிமம் கிடையாது. கட்டிய பணமும் பெரும்பாலும் திரும்பி வராது.

பெற்றோருக்கு: பிள்ளையின் ஆசையைக் கேட்டுச் சிரிக்காதீர்கள். அதே நேரத்தில், அந்த ஆசைக்காக இருக்கும் ஒரே வீட்டை எழுதிக் கொடுக்காதீர்கள். அந்தச் செலவைச் செய்ய வேண்டியது நூற்றாண்டுகளாக நம் உழைப்பில் வளர்ந்த இந்தச் சமூகமும் அதன் அரசும். உங்கள் பிள்ளையின் பெயரில் மனு எழுதுங்கள். ஒரு தெருவில் இருந்து ஒரு மனு போனால் அது கோப்பில் தூங்கும். தாராபுரம் வட்டத்தின் எல்லாத் தெருக்களில் இருந்தும் போனால், மாவட்ட ஆட்சியர் பதில் சொல்லித்தான் ஆக வேண்டும்.